கால் கொடுத்தால் போதுமா?



இந்த இதழின் பாடமாகச் செயற்கைக் காலைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மருத்துவமனைப் போதகருக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் கால் எடுக்கப்பட்டவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டவை உண்டு. டாக்டர்களிடமும் கால் செய்கிறவர்களிடமும் கேட்டுக் கற்றவை உண்டு. நான் செய்த ஒரு தவறும் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சுவரில் தொங்கிய கால்

சில வருடங்களுக்கு முன், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர்க்காரர், புளி உலுக்க மரமேறிக் கிளை முறிந்து விழுந்தார். அவரை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருவதற்குள் நொறுங்கிய கால் கெட்டுப்போயிற்று. முழங்காலுக்குக் கீழே அதை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு முகாமில் அவருக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. நான் ஜெபித்தேன். அவர் எழுந்து நின்று பத்து அடி நடந்தார். எல்லாரும் கைதட்டினோம், படம் எடுத்தோம். "நடக்கிறார்" என்று நன்கொடையாளர்களுக்கு எழுதினவனும் நான்தான்.

ஒன்றரை வருடம் கழித்து, கச்சிராயபாளையம் வழியாக மலையேறி அவர் வீட்டுக்குப் போனேன். கால் சுவரில் ஆணியில் தொங்கிற்று. தூசி படாதபடி அதன்மேல் துண்டு போர்த்தியிருந்தார்கள். அவரோ கம்பை ஊன்றித் தத்தித் தத்தி வாசலுக்கு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, "ஐயா, கால் நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் அது சேரல" என்றார்.

போட்ட சில மாதங்களில் உள்ளே உரசிப் புண்ணாகிவிட்டது. கீழே வரப் பஸ் கட்டணம் வேண்டும், கூலியும் போய்விடும். இவை எல்லாவற்றையும்விட, தருமமாகக் கிடைத்ததைக் குறை சொல்வதா என்ற கூச்சம் அவரைத் தடுத்துவிட்டது. அவர் ஒளித்த கதை இது. ஆனால் அவர் நடக்கிறாரா என்று இத்தனை நாளும் கேட்காமலிருந்தவன் நான் அல்லவா? அன்று கற்ற பாடத்தையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. கால் ஏன் சேராமற்போகிறது?

கால் எடுத்தபின் மிஞ்சியிருக்கும் பகுதியை டாக்டர்கள் 'ஸ்டம்ப்' என்கிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் அது வீங்கியிருக்கும். பல மாதங்கள் வரை மெதுவாக வற்றிக்கொண்டே போகும். இன்று பிளாஸ்டர் அச்செடுத்துச் செய்த சாக்கெட், அதாவது ஸ்டம்பு உட்காரும் கூடு, சில மாதங்களில் தளர்ந்துவிடுவது இயற்கை. முதலில் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்கலாம். பிறகு புதுச் சாக்கெட்டே வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் எலும்பின் நுனியில் நிற்பதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநார் முதலிய, பாரம் தாங்கக்கூடிய இடங்களில் உடலின் எடை இறங்கும்படி சாக்கெட்டை வடிவமைக்கிறார்கள். கூடு தளர்ந்தால் எடை தவறான இடத்தில் இறங்கும், தோல் புண்ணாகும். ஆகவே அந்தச் சகோதரருடைய காலிலும் குறையில்லை, அவரிடத்திலும் குறையில்லை. திரும்ப வந்து பார்க்கும் ஏற்பாடு இல்லாததே குறை.

இன்னொன்று: வலிக்கு இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வாரக்கணக்கில் அப்படிப் படுத்தால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். பின்பு எவ்வளவு நல்ல காலும் பயன்படாது. கிரேப் பேண்டேஜை எப்படிச் சுற்றுவது, எப்படிப் படுப்பது, மூட்டை எப்படி நீட்டுவது என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் கால் போட்ட பிறகல்ல, முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டும்.

2. நிலத்துக்கு ஏற்ற கால்

ஜெய்ப்பூர் கால் என்று நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அது பிறந்த வரலாறும் இப்படிப்பட்ட ஏமாற்றத்தில்தான் தொடங்குகிறது. ஜெய்ப்பூரில் எலும்பு அறுவை மருத்துவராயிருந்த டாக்டர் பி. கே. சேத்தி, மேல்நாட்டு முறைக் கால்களைப் பெற்றுப்போனவர்கள் மறுபடியும் கக்கத்தில் கட்டையுடன் நடப்பதைக் கண்டார். அந்தக் கால்கள் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம்முடைய விவசாயியோ வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டும், குந்த வேண்டும், சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும்.

ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் அவரோடு சேர்ந்து உழைத்தார். 1968ஆம் ஆண்டையொட்டி, மரமும் மெத்தென்ற ரப்பரும் உள்ளே வைத்து, வெளியே தோல்நிற ரப்பரைப் போர்த்தி, வல்கனைசிங் முறையில் ஒன்றாக்கிய பாதம் உருவாயிற்று. மேடுபள்ளத்தில் அது எப்பக்கமும் வளைந்துகொடுக்கும். ஷூ தேவையில்லை. பட்டம் பெற்ற டாக்டரும் பெரிய படிப்பில்லாத கைவினைஞரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதால் வந்த பலன் இது. டாக்டர் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 1981இல் திருச்சி அருகே நேர்ந்த சாலை விபத்தில் காலை இழந்தார் நடனக் கலைஞர் சுதா சந்திரன். ஜெய்ப்பூர் காலோடு 1984இல் மீண்டும் மேடையேறினார். நாம் மேடையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். இடையிலிருந்த வருடங்களின் வலியையும் பயிற்சியையும் மறந்துவிடக் கூடாது.

3. நடக்கக் கற்பிக்கிறவர்கள்

இந்த இடத்தில் நம் சபைகள் நன்றியோடு நினைக்க வேண்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராயிருந்த அவர், 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரையடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கிற்று. நோயாளி அங்கேயே தங்கி எழுந்து, உட்கார்ந்து, நடந்து பழகும் இடம் அது. சிகிச்சை முடிந்த இடத்தில் வேலை முடிவதில்லை என்பதை அவர் தம் சரீரத்திலேயே அறிந்திருந்தார்.

கால் செய்வதும் இன்று தனிப் படிப்பாகிவிட்டது. அது நான்கு வருடத்துக்கு மேற்பட்ட பட்டப்படிப்பு. 1992ஆம் வருடச் சட்டத்தின்படி ஏற்பட்ட இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவும் செய்துகொள்ள வேண்டும். உடற்கூறு, பொருள்களின் தன்மை, நடையின் கணக்கு எல்லாம் அதில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட தரவிதிகள் இந்தச் சேவையை நான்கு படிகளாகச் சொல்கின்றன: நோயாளியைப் பரிசோதித்தல், செய்து பொருத்துதல், பயன்படுத்தக் கற்பித்தல், கொடுத்தபின் தொடர்ந்து கவனித்தல். நம்முடைய புகைப்படம் இரண்டாம் படியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது!

ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர் நடப்பதற்கு அதிகமாகப் பாடுபட வேண்டும். மூட்டு சட்டென மடங்கினால் விழுந்துவிடுவார், விரல்நுனி தரையில் தட்டினாலும் தடுக்கி விழுவார். இதற்காகச் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சி மையம், பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா முதலியவற்றோடு சேர்ந்து, பல அச்சுகளில் இயங்கும் செயற்கை முழங்கால் மூட்டு ஒன்றை உருவாக்கி 2022இல் வெளியிட்டது. இந்தியில் 'காலடி' எனப் பொருள்படும் 'கதம்' என்பது அதன் பெயர். காலை வீசும்போது பாதம் தரையில் தட்டாமல் உயரவும், ஊன்றும்போது மூட்டு உறுதியாக நிற்கவும் அது உதவுகிறது.

4. மற்றக் காலைக் காப்பது

கல்வராயன் மலைக்குத் தெற்கே கொல்லிமலை இருக்கிறது. இரண்டிலும் மலையாளி எனப்படும் மலைவாழ் மக்களே வாழ்கிறார்கள். அந்தக் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் அவர் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்களும் பாதமும் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி அற்றுப்போனதால் காயமும் அழுத்தமும் தெரியாமல் அழிகின்றன என்பதை அவரும் அவருடன் உழைத்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். அதிலிருந்து மெத்தென்ற ரப்பர் செருப்பும், தினந்தோறும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் வந்தன.

இன்று இந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளுக்கும் பொருந்தும். மரத்துப்போன பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலின்மேல் பாரம் கூடுகிறது. ஆகவே செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுதல், இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பார்த்தல், புண்ணைக் கண்டால் அன்றைக்கே காட்டுதல் ஆகியவற்றைக் கற்பிப்பதும் செயற்கைக் கால் பணியின் பாகமே.

5. இல்லாத கால் வலிக்கும்போது

என்னிடம் இரகசியமாகச் சொல்லப்படும் காரியம் ஒன்று உண்டு. "எடுத்துப்போட்ட கால் ராத்திரியில் வலிக்குது ஐயா. யாரிடமும் சொல்லாதீங்க, பேய் என்பாங்க." இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல. கால் போனாலும் அதற்குரிய இடம் மூளையில் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதை ஆராய்ந்து, இழந்த உறுப்பு இருப்பதுபோல் கண்ணாடியில் காணச் செய்யும் எளிய முறையைக் கொண்டுவந்தார். அது சிலருக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் "உம்மைப்போல் அநேகருக்கு இப்படி உண்டு" என்று சொன்னாலே பாதிப் பயம் போய்விடுவதை நான் கண்டிருக்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

யோனத்தானின் குமாரன் மேவிபோசேத், ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமானவன். தாவீது அவனுக்கு லோதேபாருக்கு ஒரு முறை தருமம் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அவனை அழைப்பித்து, நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, நித்தமும் தன் பந்தியில் இடம் கொடுத்தான். 'நித்தமும்' என்பதே இந்தப் பாடத்தின் திறவுகோல்.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் சேர்க்கப்பட்டது. இவற்றோடு கைகோத்து நாம் செய்ய வேண்டியது, ஒரு காலுக்கு மட்டுமல்ல, அதன் இரண்டாம் மூன்றாம் வருகைக்கும் கொடுப்பது. பஸ் கட்டணம், புதுச் சாக்கெட், மலையேறிப் போகும் டெக்னீஷியனின் நாள்கூலி, ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு ஆகியவற்றைப் படம் எடுக்க முடியாது. ஆனாலும் நடக்கவைப்பவை இவைதான்.

அந்தச் சகோதரரை மறுபடியும் கீழே அழைத்து வந்தோம். ஐந்து வாரம் தங்கினார். இறுகிய மூட்டை நீட்டப் பயிற்சி, புதுச் சாக்கெட், சரிவிலும் சரளைக் கல்லிலும் நடக்கப் பழக்கம், அவர் மனைவிக்குப் பாத பராமரிப்புப் பாடம் எல்லாம் நடந்தன. இப்போது ஆடு மேய்க்கிறார். மரமேறுவதில்லை. மழைக்காலத்தில் வழுக்குப் பாதையில் இன்னும் கம்பு வேண்டும். கடைசியாக நான் போனபோது அந்த ஆணியில் அவருடைய சட்டை தொங்கிற்று. அவர் வெளியே போயிருந்தார்.

கூடிச் சிந்திக்க

1. நம் சபையில் உதவி பெற்ற ஒருவரை ஒரு வருடம் கழித்துச் சென்று பார்த்திருக்கிறோமா?

2. பெற்ற உதவியில் உள்ள குறையைத் தயங்காமல் சொல்லும்படி நாம் இடம் கொடுக்கிறோமா?

3. நம் வீட்டில் சர்க்கரை நோயுள்ளவரின் பாதத்தை இந்த வாரம் யார் பார்த்தார்கள்?