எல்லை காக்கும் வீரர்

வீட்டிற்கு வேலி உண்டு. வயலுக்கு வரப்பு உண்டு. நாட்டிற்கு எல்லை உண்டு. வீட்டு வேலியை வீட்டார் காப்பர். வயல் வரப்பை உழவர் காப்பர். நாட்டின் எல்லையைக் காப்பவர் யாவர்? நாட்டுப்படத்தில் எல்லை ஒரு மெல்லிய கோடாகத் தோன்றுகிறது. நிலத்திலோ அக்கோடு மணற்காட்டில் மறைகிறது, ஆற்றுநீரிற் கரைகிறது, சதுப்பு நிலத்திற் புதைகிறது, சிலவிடங்களில் மக்கள் குடியிருக்கும் ஊர்களை ஒட்டியே செல்கிறது. கண்ணிற்குப் புலனாகாத அக்கோட்டை, கண்ணை இமை காப்பதுபோல இரவும் பகலும் காத்து நிற்போர் உளர். அவருட் சிறந்த ஒரு கூட்டத்தினரே எல்லைப் பாதுகாப்புப் படையினர்.

காவற்றொழிலின் அருமையைப் பண்டைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். போர்த்தொழிலைத் திணையும் துறையுமாக வகுத்த அவர்கள், பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்போர் கரந்தைப் பூவையும், மதிலைக் காப்போர் நொச்சிப் பூவையும் சூடுவர் எனக் கூறினர். பிறர் நிலத்தின்மேற் செல்லும் வீரத்தோடு தம் நிலத்தைக் காக்கும் வீரத்தையும் ஒருங்கு வைத்து மதித்தனர். இக்காலத்துக் காவல் பூச்சூடிச் செய்யும் காவலன்று. சட்டத்திற்குக் கட்டுப்பட்டு, பல்லாண்டு பயின்று செய்யும் தொழிலாகும்.

இந்திய நாடு விடுதலை பெற்ற பின்னர்ப் பல ஆண்டுகள்வரை, பாகிஸ்தானை ஒட்டிய எல்லையை அவ்வம்மாநிலத்தின் ஆயுதப் போலீசாரே காத்து வந்தனர். ஒவ்வொரு மாநிலத்தின் பயிற்சியும் வேறு, கருவியும் வேறு, ஆணையும் வேறு. இம்முறையின் குறை 1965ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல்த் திங்கள் 9ஆம் நாள், கட்ச் பகுதியிலுள்ள சர்தார் காவற்சாவடியைப் பாகிஸ்தானின் பெரும்படை தாக்கியது. அங்கிருந்த மத்திய ரிசர்வ் போலீசாரின் சிறு குழுவினர் அஞ்சாது எதிர்த்து நின்றனர். அவர்தம் வீரத்திற்குக் குறைவில்லை. ஆயினும் வீரம் ஒன்றே எல்லைக்கு வேலியாகாது என்பதை அரசு உணர்ந்தது. எல்லைக்கென ஒரே தலைமையும் ஒரே பயிற்சியும் உடைய தனிப்படை வேண்டும் என முடிவு செய்யப்பட்டது.

அவ்வாறு, 1965ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று எல்லைப் பாதுகாப்புப் படை தோன்றிற்று. அதன் முதற்றலைவராக அமர்ந்தவர் கே. எப். ருஸ்தம்ஜி என்பவர். பிரதமர் நேருவின் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றிருந்தவரும், பின்னர் மத்தியப் பிரதேசப் போலீசுக்குத் தலைமை பூண்டு சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளைக் கூட்டத்தாரை எதிர்த்தவரும் அவரே. 25 படையணிகளோடு தொடங்கிய அப்படை வளர்ந்து, இன்று இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரரைக் கொண்டு விளங்குகிறது. பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய இரு நாடுகளை ஒட்டிய எல்லைகள் அதன் காவலில் உள்ளன. வங்காளதேச எல்லை மட்டும் 4,096 கிலோமீட்டர் நீளமுடையது. சீன எல்லையை இந்திய-திபெத் எல்லைக் காவற்படையும், நேபாள, பூட்டான் எல்லைகளைச் சசஸ்திர சீமா பல் என்னும் படையும், மியன்மா எல்லையை அசாம் ரைபிள்ஸ் படையும் காக்கின்றன.

எல்லைக் காவலர் பணிக்கும் போர்வீரர் பணிக்கும் வேறுபாடு உண்டு. போர்க்களத்தில் எதிரே வருபவன் பகைவன் என்பது வெளிப்படை. எல்லையிலோ நள்ளிரவில் இருளூடே அசையும் உருவம் யாருடையது என்பதை எளிதில் அறிய இயலாது. அவன் படைக்கருவி ஏந்திய பகைவனாக இருக்கலாம். போதைப்பொருள் கடத்துபவனாக இருக்கலாம். மாடு தேடி வந்த உழவனாகவும், வழி தப்பிய மனநோயாளனாகவும் இருக்கலாம். ஆதலின் எல்லைக் காவலன் முதற்கண் சட்டத்தின் காவலன் ஆவான். பிடிபட்டவரைத் தண்டிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. அவர்களை உரிய காவல் நிலையத்தாரிடமோ சுங்கத் துறையினரிடமோ ஒப்படைப்பதே அவன் கடமை. தண்டிப்பது நீதிமன்றத்தின் பணி.

எல்லை ஓடும் நிலத்திற்கேற்பக் காவலும் வேறுபடும். இராசத்தானத்துப் பாலைவனத்தில் கோடைக்காலத்தில் வெப்பம் 50 பாகை செல்சியசை எட்டும். வண்டிச் சக்கரம் புதையும் அம்மணலில் வீரர் ஒட்டகத்தின்மீது அமர்ந்து காவல் சுற்றுவர். வங்காளத்துச் சுந்தரவனத்திலோ நிலமும் நீரும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கும். அங்கே காவற்சாவடி கட்டுதற்கு உறுதியான நிலம் கிடைத்தல் அரிது. எனவே, நீர்மேல் மிதக்கும் காவற்சாவடிகள் அமைக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்குப் பணிக்கு விடப்பட்ட மூன்று மிதவைச் சாவடிகளுக்குச் சத்லஜ், காவேரி, நருமதை எனப் பெயரிட்டனர். சோழ நாட்டை வளஞ்செய்யும் ஆற்றின் பெயர், வங்கக் கழிமுகத்தில் எல்லை காக்கும் கலத்திற்கும் வாய்த்தது.

எல்லா வீரராலும் எல்லா இடத்தையும் காத்தல் இயலாது. மிக்க இடர் நிறைந்த இடங்களுக்கெனத் தனிப்பயிற்சி பெற்ற கமாண்டோ வீரர் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். குசராத்து மாநிலத்துக் கட்ச் பகுதியில் ஹராமி நாலா என்றொரு நீர்வழி உண்டு. ஓதம் ஏறும்போது அது கடல்போலப் பரந்து கிடக்கும். ஓதம் இறங்கியதும் இடுப்பளவு சேறாக மாறும். படகு செல்லும் இடத்திற் கால் ஊன்ற இயலாது; சேறு கிடக்கும் இடத்திற் படகு நகராது. அலையாத்திச் செடிகள் மறைவிடம் தரும். இவ்விடத்தைக் காப்பதற்கென அமைந்த கமாண்டோப் பிரிவிற்குக் 'கிரீக் குரோக்கடைல்' என்று பெயர். கழிமுதலை என்பது அதன் பொருள். முதலையைப் போல நீரிலும் சேற்றிலும் ஒருங்கே இயங்கவல்லவர் ஆதலின் அப்பெயர் அவர்க்குப் பொருந்துவதாயிற்று.

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந்நீர்வழியிற் பாகிஸ்தான் நாட்டு மீன்பிடி படகுகள் சில புகுந்திருத்தல், வானிற் பறக்கும் ஆளில்லாக் கருவியால் அறியப்பட்டது. ஏறத்தாழ 300 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் தேடுதல் தொடங்கிற்று. சேற்றின் வழியே விரைந்து செல்லுதல் இயலாமையால், கமாண்டோ வீரர் விமானப் படையின் ஹெலிகாப்டர்களில் ஏறிச் சென்று மூன்று திசைகளில் இறங்கினர். 11 படகுகள் கைப்பற்றப்பட்டன. மறைந்திருந்த அறுவரும் உயிருடன் பிடிபட்டனர். அவ்வறுவரும் யார்? மீனவர்! பாக் நீரிணையில் மீன்பிடிக்கச் சென்று எல்லை கடந்தமையாற் சிறைப்படும் இராமேசுவரத்து மீனவர் துயரை அறிந்த தமிழ் மாணவர்க்கு, இச்செய்தியின் மறுபக்கமும் எளிதில் விளங்கும். வீரர் காட்டிய திறம் எத்துணைப் பெரிதோ, பிடிபட்டவரின் உயிர்க்கு ஊறு நேராமற் செய்து முடித்த அடக்கமும் அத்துணைப் பெரிது.

இத்தகைய திறம் பயிற்சியால் வருவது. குவாலியருக்கு அருகேயுள்ள டேகன்பூரில் இப்படையின் கல்விக்கழகம் அமைந்துள்ளது. மோப்ப நாய்களைப் பழக்கும் பள்ளியும், உயிரைப் போக்காது கூட்டத்தைக் கலைக்கும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் செய்யும் தொழிலகமும் அங்கேயே உள்ளன. கமாண்டோப் பயிற்சியும், வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் பயிற்சியும் ஹசாரிபாக் நகரத்துப் பள்ளியில் அளிக்கப்படுகின்றன. படைக்கருவிகளையும் போர்முறைகளையும் கற்பிக்கும் மற்றொரு பள்ளி இந்தூரில் இயங்குகிறது.

இந்தூர்ப் பள்ளியில் 2024ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. நெடுந்தொலைவில் மறைந்திருந்து குறி தவறாது சுடும் பயிற்சி எட்டு வாரம் நடைபெறுவது. உடல்வலியினும் பொறுமையே அதற்கு மிகுதியும் வேண்டும். புல்லோடு புல்லாக அசையாது கிடத்தல் வேண்டும்; மூச்சையும் அளந்து விடுதல் வேண்டும். துணை ஆய்வாளராகப் பணியாற்றிய பெண்ணொருவர் அப்பயிற்சியைத் தாமே விரும்பி ஏற்றார். ஆடவர் பலரிடையே அவர் ஒருவரே பெண். பயிற்சியை முடித்து, எல்லைப் பாதுகாப்புப் படையில் அத்திறம் பெற்ற முதற்பெண் என்னும் பெருமையை எய்தினார். பெண்களை இப்படை காவலராகச் சேர்த்து எல்லையில் நிறுத்தியது 2009ஆம் ஆண்டிலேதான். பதினைந்தாண்டுகளில் அவர்கள் இத்துணை உயரத்தை எட்டினர்.

ஆயுதம் ஏந்துவோர்க்கு எப்போது சுடவேண்டும் என்பதைக் கற்பித்தல் எளிது. எப்போது சுடலாகாது என்பதைக் கற்பித்தலே அரிது. இதனை மறந்தால் விளையும் தீங்கு பெரிது. 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தந்தையோடு இந்தியாவிலிருந்து வங்காளதேசத்திற்குத் திரும்பிய 15 வயதுச் சிறுமி ஒருத்தி கம்பிவேலியைக் கடக்க முயன்றாள். காவலர் துப்பாக்கியால் அவள் உயிர் நீங்கிற்று. அவளுடல் பல மணி நேரம் வேலியிலே தொங்கிற்று. சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட காவலரைப் படையின் நீதிமன்றம் 2013, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் விடுவித்தது. ஆயினும் அக்காட்சி இரு நாட்டு மக்கள் நெஞ்சையும் விட்டு நீங்கவில்லை. அவ்வாண்டிலேயே இரு நாடுகளும் எல்லையை ஒருங்கிணைந்து காப்பதற்கென ஓர் உடன்பாடு செய்துகொண்டன. உயிரைப் போக்காத கருவிகளை வங்காளதேச எல்லையில் மிகுதியாகக் கையாளும் முறையும் வந்தது. எனினும் உயிரிழப்பு முற்றும் நின்றபாடில்லை. இம்முறையை நிறைவேற்றுதல் வரும் தலைமுறைக் காவலர்தம் கையில் உள்ளது.

வழி தவறி எல்லை கடந்து வருவோரை வினவி, அவர்பாற் குற்றமில்லை எனக் கண்டால், எதிர்ப்புறத்துக் காவலரை அழைத்து ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. இரு நாட்டுக் காவலரும் கொடியுடன் எல்லைக் கோட்டருகே கூடிப் பேசுவதைக் கொடிச் சந்திப்பு என்பர். துப்பாக்கிக் குண்டால் தீராத வழக்கு அங்கே சொல்லால் தீர்வதுண்டு.

இப்பணியிற் சேர விரும்பும் இளைஞர்க்கு மூன்று வாயில்கள் உள்ளன. பத்தாம் வகுப்பிற் றேறியவர் காவலராகலாம். பட்டம் பெற்றவர் துணை ஆய்வாளராகலாம். பட்டம் பெற்று, ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் வெற்றி பெற்றவர் உதவிக் கமாண்டன்ட் என்னும் அதிகாரியாகலாம். காவலர் பணிக்கு 18 முதல் 23 வயதுவரை உள்ளோர் உரியர். ஆடவர் 5 கிலோமீட்டர்த் தொலைவை 24 நிமிடங்களில் ஓடிக் கடத்தல் வேண்டும், மகளிர் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடங்களிற் கடத்தல் வேண்டும். முன்னாளில் காவலர் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடைபெற்றது. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவர்க்கு அஃதொரு பெருந்தடையாக இருந்தது. 2024ஆம் ஆண்டு முதல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் அத்தேர்வு நடத்தப்பெறுகிறது. ஓடவல்ல காலும் ஊக்கமுடைய நெஞ்சும் பெற்ற தமிழிளைஞர்க்கு இப்போது மொழி தடையாவதில்லை.

கமாண்டோ ஆக விரும்புவோரும் முதலிற் பிறரைப்போலவே பணியிற் சேர்ந்து, எல்லைச் சாவடியில் நின்று பழகியவரே. அவருள் உடலுறுதியும் மனவுறுதியும் மிக்கோர் மேற்பயிற்சிக்குச் செல்வர். திரைப்படங்களிற் காணும் விரைவும் ஆரவாரமும் இப்பணியில் மிகச் சில நொடிகளே உண்டு. எஞ்சிய காலமெல்லாம் காத்திருத்தலே. பொங்கலும் தீபாவளியும் சாவடியிலேயே கழியும். பிறந்த குழந்தையின் முகத்தைப் பல திங்கள் கழித்தே காண நேரும். ஒன்றும் நிகழாத ஆயிரம் இரவுகளை உறங்காது கழித்தவனே, ஒன்று நிகழும் இரவில் நாட்டைக் காக்கிறான்.

கடமை முற்றும் உயிரையும் வேண்டும் காலம் வருதலும் உண்டு. 1971ஆம் ஆண்டுப் போரில் பஞ்சாப் எல்லையிற் பொருது உயிர்நீத்த இப்படையின் உதவிக் கமாண்டன்ட் இராம் கிருஷ்ண வாத்வா என்பவர்க்கு, மகாவீர் சக்கரம் என்னும் உயர்ந்த விருது வழங்கப்பட்டது. உயிருள்ளவரை கடமை என்பதே இப்படையின் குறிக்கோள்.

வேலி பயிரைக் காக்க அமைந்தது. வழிப்போக்கனைக் குத்துதல் அதன் நோக்கமன்று. எல்லைக் காவலின் உண்மையும் இதுவே. வலிமையின்றி அருள் மட்டும் உடையவனால் எல்லையைக் காத்தல் இயலாது. அருளின்றி வலிமை மட்டும் உடையவனிடம் எல்லையை ஒப்படைத்தல் ஆகாது. இரண்டும் ஒருங்கே பெற்றவனே எல்லைக் காவலன் என்னும் பெயர்க்கு உரியவன். அப்பெயரை விரும்பும் மாணவர், உடலை உரப்படுத்துவதோடு உள்ளத்தையும் பண்படுத்துதல் வேண்டும்.