கோசம்பிக் கலகம் கற்பிக்கும் பாடம்



ஒரே கூரையின் கீழ் எட்டு மணி நேரம் உழைக்கும் இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீடு திரும்புவராயின், அவ்விடத்தில் கூலி உண்டு, உறவு இல்லை. இப்பிணிக்குப் பகவான் புத்தர் காட்டிய மருந்து யாதென ஆராய்வோம்.

வத்ச நாட்டுக் கோசம்பி நகரில், கோசிதாராமம் என்னும் விகாரையில், தம்மம் போதிப்பவர் ஒருவரும் வினயம் கற்பிப்பவர் ஒருவரும் தத்தம் மாணாக்கரோடு வாழ்ந்தனர். தம்ம போதகர் ஒரு நாள் கழிப்பிடத்துப் பாத்திரத்தில் மீதித் தண்ணீரை விட்டு வந்தார். அது குற்றமென வினய ஆசிரியர் சுட்டியதும், பரிகாரம் செய்ய அவர் இசைந்தார் எனத் தம்மபத உரை கூறுகிறது. அறியாமற் செய்ததாயின் குற்றமில்லை என்று வினய ஆசிரியர் விடைகொடுத்தார். ஆனால் பின்னர்த் தம் மாணாக்கரிடம், தாம் செய்த குற்றத்தையே அறியாதவர் அவர் என்று இழித்துரைத்தார். அச்சொல் வாய்மாறிச் சென்றது, தம்ம போதகர் சங்கத்தினின்று விலக்கப்பட்டார், சங்கமும் இரண்டாயிற்று. கலகத்தை மூட்டியது தண்ணீர் அன்று. முதுகுக்குப் பின் சொன்ன சொல்லே.

பகவான் இரு தரப்பாரிடமும் சென்றார். தண்டித்தவர்களிடம், தண்டனையால் சங்கம் பிளவுறும் ஆபத்தை எடுத்துரைத்தார். தண்டனை பெற்றவரின் தரப்பிடம், அப்பிளவைக் கருதிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு உரைத்தார். எவரிடமும் எதிர்த்தரப்பின் பிழையை அவர் பேசவில்லை. அவரவர் கடமையையே பேசினார்.

நாம் ஆலையில் மேஸ்திரியாக இருந்த நாளில் இதற்கு நேர்மாறாக நடந்தோம். ஒரே தறியைப் பகலிலும் இரவிலும் ஓட்டிய இருவர், துணியில் விழுந்த பழுது யாருடையதெனச் சச்சரவிட்டனர். பகல்காரரிடம் இரவுக்காரரின் பிழையையும், இரவுக்காரரிடம் பகல்காரரின் பிழையையும் சொல்லி, இருவர்க்கும் நல்லவரானோம். ஒரு திங்களில் ஒருவர் கணக்கு முடித்துக்கொண்டு வெளியேறினார். அவரிடம் மன்னிப்புக் கேட்க இன்றுவரை நமக்கு வாய்க்கவில்லை.

கோசம்பிப் பிக்குகளும் கேளாமையால் பகவான் அவர்களை விட்டு அகன்றார். நகரத்து உபாசகர்கள் வணக்கத்தையும் பிச்சையையும் நிறுத்திய பின்னரே அவர்கள் பகவானைத் தேடிச் சிராவஸ்தி சென்றனர். அங்கே தண்டனை பெற்றவர் தம்மைத் தாமே ஆராய்ந்து குற்றத்தை ஏற்றார், சங்கம் ஒன்றாயிற்று.

வினயம் வகுத்த ஏழு வழக்குத் தீர்வுகளில் ஒன்று ‘புல்லால் மூடுதல்’. ஒவ்வொன்றாய்க் கிளறினால் பிளவே பெருகும் என்னும் நிலையில், ஒவ்வொரு தரப்பிலும் தக்கார் ஒருவர் எழுந்து, தம் பிழையையும் தம்மவர் பிழையையும் அவைமுன் ஒப்புவர். பெருங்குற்றங்கள் இதில் அடங்கா. ஆகவே உரிய கூலியை மறுத்தலும், சாதி சொல்லி இழித்தலும் நாம் புல்லால் மூடத்தக்கன அல்ல. அவற்றை முறைப்படி எதிர்த்தே தீரவேண்டும். தொழிலாளியின் வலிமைக்கேற்ற வேலையும், உணவும் கூலியும், நோயில் பராமரிப்பும் அளிப்பது முதலாளியின் கடமையென்று சிகாலோவாத சூத்திரமே விதிக்கின்றது.

எனவே, தலைவர் என்பவர் தம் தரப்பின் பிழையை முதலில் எழுந்து சொல்பவரே. வரும் பௌர்ணமி உபோசதத்திற்குள், பேச்சு நின்றுபோன உடனுழைப்பாளர் ஒருவரிடம் சென்று, அவர் பிழையை விடுத்து நம் பிழையை மட்டும் சொல்லுவோமாக. காலந்தாழ்த்தினால் அவர் போய்விடக்கூடும்.