பாடு வரும் வரை

“பந்தைப் பின்னாடி போட்டுட்டு முன்னாடி ஓடணுமா? நண்டு நடை தேவலாம்டா!” ரக்பியை நான் விளக்கியபோது அப்பா இப்படித்தான் சிரித்தார். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயில் என்று பயிற்சிக்கு அலைந்து நாலு வருஷம் ஆகிறது. அடுத்து வரும் குப்பத்துத் தம்பிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தோளை விடக் காலை நம்பு. படகு தள்ளிய தோள் இருக்கிறதே என்ற திமிரில் முதல் மாதம் பந்தோடு ஓடுகிறவன் மேல் தூரத்திலிருந்தே பாய்ந்தேன். கையில் சட்டைதான் சிக்கியது, ஆள் போய்விட்டான். டாக்கிளுக்கு, அதாவது ஆளைப் பிடித்து வீழ்த்த, கடைசி இரண்டு எட்டைச் சின்னதாக வைக்க வேண்டும். முழங்கால் மடங்கி, கண் அவன் இடுப்பில் இருக்கட்டும். உன் தலை அவனுக்கு முன்னால் குறுக்கே போகாமல், பின்பக்கமாக ஒட்டி நிற்கட்டும். தோள் பட்டதும் இரண்டு கையாலும் பூட்டு. விழுந்ததும் விட்டுவிடு, இல்லையென்றால் பெனால்டி. ஏரிச் சேற்றில் வழுக்காமல் ஊன்றி நடப்போமே, அந்தக் கால்தான் இதற்கும் வேண்டும்.

தலையில் அடிபட்டால் மறைக்காதே. வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து ஒருமுறை மறைத்தேன். அன்று ராத்திரி பஸ்ஸில் வாந்தி. இறங்க வேண்டிய நிறுத்தமே அடையாளம் தெரியவில்லை. சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள். டாக்டர் சொன்ன பிறகுதான் திரும்ப இறங்கலாம்.

ஒரே வலையை நம்பாதே. 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதன்முதலாக நடந்தது. ஆறு அணிகள், பதினைந்து பேர் ஆடுவதல்ல, ஏழு பேர் ஆட்டம். கோப்பை நம் சென்னை புல்ஸுக்கு. போனைச் சுற்றி உட்கார்ந்து கத்தினோம். ஆனால் அந்த லீக் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நாளுக்குச் சோறு வேண்டாமா? டிகிரியை முடி. ஆடிய போட்டிகளின் சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, உப்புக்காற்றில் காகிதம் தாங்காது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. எந்தப் போட்டி அதற்குச் செல்லும் என்று முன்கூட்டியே விசாரித்துவிடு.

பெஞ்சில் சும்மா இராதே. எழுவர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் போவோம். ஐந்து பேர் வெளியே. ஒரு போட்டி முழுக்க அந்த ஐவரில் ஒருவனாக இருந்துவிட்டு, முகம் தொங்க வீடு வந்தேன். எங்கள் ஏரியில் முறை வைத்துத்தான் மீன் பிடிப்போம்; அந்த முறைக்குப் பாடு என்று பேர். அப்பா வலையிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்:

“ஏரியில நமக்குப் பாடு இல்லாத அன்னைக்கு என்னடா செய்வோம்?”

“பொத்தல் அடைப்போம்.”

“அப்புறம் என்ன?”

என் பொத்தல் இடது பக்கம் கொடுக்கும் பாஸ். மறுநாளிலிருந்து மணலில் தினமும் நூறு பாஸ், இடது பக்கம் மட்டும். என் பாடு இன்னும் முழுசாக வரவில்லை. பந்து மட்டும் இப்போது இடது பக்கமும் நேராகப் போகிறது.