ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் பெட்ரோல் பங்க்

மாடல் ரயில் லே-அவுட் பார்க்க வருகிறவர்கள் எஞ்சினிடம் முதலில் போவார்கள். நான் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பங்கிடம் போவேன். நீராவி எஞ்சின் ஒன்று முப்பது வருஷம் ஓடியிருக்கும். அதை வைத்து இது 1930-ஆ, 1950-ஆ என்று சொல்லிவிட முடியாது. பங்கில் பம்ப், கம்பெனிப் பலகை, நிற்கிற கார், எழுதியிருக்கும் விலை எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் காலத்தைக் கட்டிப்போட்டுவிடும். அழகாக இருக்கிறதே என்று ஒரு கிட்டை வாங்கி ஒட்டிவிட்டு, பிறகு அதற்கு ஊரும் வருஷமும் தேடுவது எனக்குச் சரிப்படாது. ஆண்டை முடிவு செய்த பிறகுதான் பசை ட்யூபைத் திறப்பேன்.

என்னுடையது ஹெச்ஓ ஸ்கேல், அதாவது 1:87. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே 3.5 மி.மீ. காலம் 1938, இடம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் போகும் ஆல்டன் ரயில்பாதையும் ரூட் 66 நெடுஞ்சாலையும் அங்கே பல மைல் தூரம் ஒன்றையொன்று ஒட்டியே போயின. ரயிலையும் பங்கையும் ஒரே சட்டத்துக்குள் வைக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அந்த வழியில் ஒடெல் என்ற ஊரில் 1932-ல் கட்டிய ஸ்டாண்டர்டு ஆயில் பங்கும், ட்வைட்டில் 1933-ல் கட்டி, பின்னாளில் ஆம்ப்ளர் பங்க் என்று பெயர் பெற்ற டெக்சகோ பங்கும் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. இரண்டும் பார்வைக்குச் சின்ன வீடுதான்: சரிவுக் கூரை, முன்னால் தூண்கள் மேல் நீளும் போர்ட்டிகோ. குடியிருப்புக்கு நடுவே பங்க் வருவதை அக்கம்பக்கத்தார் விரும்பாத காலம் அது. வீட்டு ஜாடையில் கட்டினால் எதிர்ப்பு குறையும் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. பியூர் ஆயில் கம்பெனிக்காக 1927-ல் கார்ல் பீட்டர்சன் வடிவமைத்த நீலக் கூரை ஆங்கிலக் குடில் அந்தக் கணக்கின் உச்சம். 1930-களின் பிற்பகுதியில் வால்டர் டோர்வின் டீக் டெக்சகோவுக்காக நேர் எதிரான ஒன்றைக் கொண்டுவந்தார்: தட்டைக் கூரை, வெள்ளை எனாமல் தகடு, மூன்று பச்சைக் கோடு, சிவப்பு நட்சத்திரம். என் 1938-ல் இரண்டு வகையும் இருக்கலாம். 1932-ஐ எடுத்திருந்தால் டீக் பாணிப் பங்கைத் தொடவே முடியாது.

இதிலிருந்து எனக்கு ஒரு விதி கிடைத்தது. பழையது தங்கியிருக்கலாம், புதியது முன்கூட்டியே வர முடியாது. பம்புக்கு இது ரொம்பப் பொருந்தும். 1920-களின் பம்பில் தலைப்பக்கம் பெரிய கண்ணாடி உருளை இருக்கும். ஊழியர் நீளக் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளி, நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோலை அதற்குள் ஏற்றுவார். வாங்குகிறவர் கேலன் குறிகளைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பிறகு பெட்ரோல் தன் எடையிலேயே குழாய் வழியாகக் காருக்குள் இறங்கும். அப்படி இறங்க உயரம் வேண்டும். அதனால்தான் அந்தப் பம்புகள் ஒன்பது பத்து அடி நின்றன. மின்சார பம்ப் வந்ததும் உருளை போய் முள் சுற்றும் வட்ட முகம் வந்தது. 1930-களின் முற்பகுதியிலேயே அளவோடு விலையையும் கணக்கிட்டுக் காட்டும் பம்பை வேய்ன் கம்பெனி இறக்கிவிட்டது. அவை ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். ஹெச்ஓவில் முதல் வகை 31 மி.மீ.க்கு மேல், இரண்டாவது வகை 21 மி.மீ. பாக்கெட்டில் காலம் போடாத பம்பை அடிக்கோல் வைத்து அளந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

1938-ன் கிராமத்துப் பங்கில் விலை காட்டும் புதுப் பம்ப் ஒன்றும், ஓரமாகப் பழைய கண்ணாடிப் பம்ப் ஒன்றும் நிற்பது நம்பும்படி இருக்கும். கண்ணாடி உருளைக்கு நான் 3.2 மி.மீ. அக்ரிலிக் தண்டைத்தான் வெட்டிக்கொள்கிறேன். கீழ்ப்பாதிக்கு மட்டும் டமியா பெயின்டில் ஒளி ஊடுருவும் சிவப்பை இரண்டு கை பூசினால், சாயம் கலந்த பெட்ரோல் பாதி நிரம்பி நிற்பதாகவே தெரியும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு நிஜமாகவே சாயம் கலந்தார்கள். மேலே வைக்கும் கம்பெனிக் குடம், ராத்திரியில் விளக்கெரியும் அந்த வெள்ளைக் கண்ணாடி வட்டம், சுமார் 16 அங்குலம். ஸ்கேலில் ஐந்து மி.மீ.க்கும் குறைவு. ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் விழும் வட்டம் ஆறு மி.மீ. என்பதால் உதவாது. தோல் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 4.5 மி.மீ. பஞ்ச் கச்சிதம்.

பெட்ரோல் ஹோஸ்தான் கிட்டுகளில் எனக்குப் பெரிய எரிச்சல். பிளாஸ்டிக்கில் வார்த்தது ஸ்கேலில் கை பருமனுக்கு இருக்கும். நிஜ ஹோஸ் ஒன்றேகால் அங்குலம் என்று வைத்தாலும் ஹெச்ஓவில் 0.36 மி.மீ.தான். மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் 28 கேஜ் தாமிரக் கம்பி அநேகமாக அதே தடிமன். நெருப்பில் லேசாகக் காட்டினால் இளகும். எனாமல் பூச்சு கருகினால் துடைத்துவிட்டு மங்கலான கறுப்பு அடிக்க வேண்டியதுதான். ரப்பர் ஹோஸ் விறைத்து நிற்காது, அடிவயிறு தொங்கும். அந்தத் தொங்கல் வந்துவிட்டால் பம்புக்கு உயிர் வந்துவிடும்.

பலகைக்கும் பம்புக்கும் ஒட்டும் டெக்கல் வாங்கும்போது கம்பெனிப் பெயர் சரியாக இருந்தால் போதாது. டெக்சகோவின் ஃபயர் சீஃப் பெட்ரோல் 1932-ல் வந்தது, ஸ்கை சீஃப் 1938-ல்தான். எனக்கு மயிரிழையில் தப்பியது. 1937 லே-அவுட்காரருக்குத் தப்பாது. ஃபிலிப்ஸ் 66 கேடயம் 1959 வரை ஆரஞ்சும் கறுப்பும். சிவப்பு வெள்ளைக் கேடயம் அதற்குப் பிறகு. எஸ்ஸோ அமெரிக்காவில் எக்ஸான் ஆனது 1972-ல். நீராவி எஞ்சின் ஓடும் லே-அவுட்டில் எக்ஸான் பலகையை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் காபி கொடுத்தார், அதனால் வாயைத் திறக்கவில்லை.

பழசாக்கும் வேலைக்கு வருவோம். கட்டடம் என்றாலே மங்கல் வார்னிஷை மொத்தமாக அடித்து, துருப் பவுடரைத் தூவுவது ஒரு வழக்கமாகிவிட்டது. மரச் சுவருக்கும் செங்கல்லுக்கும் அது சரி. எனாமல் தகட்டுக்குச் சரியே இல்லை. அது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. வெயிலில் வெளுக்காது, மழை பெய்தால் கழுவிக்கொள்ளும், முப்பது வருஷம் கழித்தும் பளபளக்கும். எங்கே சில்லு பெயர்ந்ததோ அங்கே மட்டும்தான் துரு: போல்ட் துளையைச் சுற்றி, பலகையின் கீழ் விளிம்பில், கார் இடித்த மூலையில். அதனால் பளபளப்பை விட்டுவைத்து, ஊசிமுனையால் அடர்ந்த காப்பி நிறப் புள்ளி வைத்து, டர்பன்டைன் தொட்ட பிரஷால் ஒரே ஒரு தரம் கீழ்நோக்கி இழுப்பேன். ஒரு பலகைக்கு மூன்று புள்ளி தாராளம்.

தரையில் எண்ணெய்க் கறை வைக்கிறவர்கள் அதைப் பம்பின் காலடியில் வைக்கிறார்கள். கொஞ்சம் யோசித்தால் போதும். அந்தக் காலத்துக் காருக்குப் பெட்ரோல் வாய் பின்பக்கம். எண்ணெய் ஒழுகுவதோ முன்னால் இருக்கும் எஞ்சினில். பின்சக்கரம் பம்பருகே நின்றால் எஞ்சின் பத்தடி முன்னால் நிற்கும். கறை அங்கே, அதாவது பம்பைத் தாண்டி 35 மி.மீ. தள்ளி, வண்டித் தடத்தின் நடுவில் விழ வேண்டும். இதை யாரும் கவனித்துப் பாராட்டப்போவதில்லை. ஆனால் தப்பான இடத்தில் இருந்தால் ஏனோ ஒட்டவில்லை என்று எல்லோருக்கும் படும்.

இடம் ஒதுக்கும்போது வண்டித் தடத்துக்கு 42 மி.மீ.யாவது விடுங்கள், அது நிஜத்தில் 12 அடி. எதையும் ஒட்டுமுன் ஒரு ஹெச்ஓ காரை விரலால் தள்ளிக்கொண்டு சாலையிலிருந்து உள்ளே வந்து, பம்பருகே நிறுத்தி, மறுபக்கம் வெளியே போய்ப் பாருங்கள். இடித்தால் பம்பை நகர்த்துங்கள். ஓ ஸ்கேல்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: அமெரிக்க ஓ என்பது 1:48; கடையில் குவிந்திருக்கும் கார்கள் 1:43. பம்பருகே நிறுத்தினால் காரின் பருமன் உடனே தெரிந்துவிடும், அதனால் பெரிய கார்களைத் தூரத்தில் நிறுத்துவதே உத்தமம்.

பொம்மை மனிதர்களில் தொப்பியும் போ டையும் போட்ட ஊழியர்தான் ஹோஸைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் ஓட்டுநர் தானே போட்டுக்கொள்வது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெல்ல வந்த பழக்கம். நியூ ஜெர்சியில் இன்றும் அனுமதியில்லை. நம்மூரிலும் ஊழியரே போடுவதால் நமக்கு இது வித்தியாசமாகப் படாது. விலைப் பலகையில் 1938-க்கு கேலன் 20 சென்ட்டை ஒட்டி எழுதினால் சரி.

ஆளில்லாத பங்க் வேண்டுமானால் 1943-க்குப் போகலாம். 1942 டிசம்பர் முதல் நாடு முழுக்கப் பெட்ரோல் ரேஷன். முன்கண்ணாடியில் ரேஷன் வகையைக் காட்டும் ஏ, பி, சி ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றிரண்டு கார்களே போதும். அதற்கு முன், 1942 ஜூனில், பழைய ரப்பரைப் பங்குகளில் ஒப்படைக்கும்படி அதிபர் ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டார், பவுண்டுக்கு ஒரு சென்ட் கொடுத்தார்கள். லே-அவுட்டின் காலம் அந்த ஜூன் என்றால், பம்பருகே டயர் குவியல் வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம். எட்டு மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை இரண்டு மி.மீ.க்கும் குறைவாக நறுக்கினால் குவியலுக்குப் போதுமான டயர்கள் தேறும்.

விளக்குக்கு 2700 கெல்வின் எல்இடி. சுவரின் உட்பக்கம் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் அடிக்காவிட்டால் பிளாஸ்டிக் சுவரே விளக்காக எரியும்.

கடைசியாக, பங்கை ரயிலோடு இணைக்கும் பாகம். பங்குக்கு நேராகத் தண்டவாளம் போகாது. டாங்க் வேகன் நிற்பது ஊர் ஓரத்து எண்ணெய்க் கிடங்கில். அங்கிருந்து லாரியில்தான் பங்குக்கு வரும். வால்தர்ஸின் இன்டர்ஸ்டேட் ஃப்யூயல் அண்ட் ஆயில் கிட் அதற்குத் தோது. பங்கிலும் கிடங்கிலும் ஒரே கம்பெனிப் பெயர் இருக்கட்டும். போருக்கு முந்தைய 8,000, 10,000 கேலன் வேகன்கள் 40 அடிக்குள் அடங்கும் என்பதால், 300 மி.மீ. சைடிங் (பக்கத் தண்டவாளம்) விட்டால் இரண்டு நிற்கும். ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றைத் தள்ளிவிட்டு எஞ்சின் மெயின் லைனுக்குத் திரும்பலாம்.