கல்லாப் பணமும் கடன் பணமும்



சரக்குக்காக வாங்கும் கடன், சரக்கு விற்றதும் தீர்ந்துவிடும். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, வீடு கட்டியது என்று வாங்கிய கடனுக்கு விற்க எந்தச் சரக்கும் இல்லை. கல்லாவில் கைவைத்துத்தான் கட்டுகிறோம். கல்லாவில் இருப்பதெல்லாம் நம் பணம் அல்ல என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். அதில் கொள்முதல் விலை போக மிஞ்சுவதே நம்முடையது.

தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் மறுநாள் முதலே திருப்பிக் கட்டுகிறோம்; முழுப்பணம் நம் கையில் நிற்பதில்லை. கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 10 ரூபாய் வட்டி.

நூற்றுக்கு 10 ரூபாய் நிற்கும் மளிகைக் கடையில், இந்த ஒரு தண்டலுக்கு மட்டும் தினம் 1,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். வாடகையும் கூலியும் வீட்டுச் செலவும் அதற்கு மேல். மூன்று தண்டல் என்றால் 3,000. அந்த அளவு விற்பனை இல்லாதபோது சரக்கின் முதலையே எடுத்துக் கட்டுகிறோம். அலமாரி காலியாகிறது; வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார்.

இதிலிருந்து மீள வழி உண்டு.

முதலாவது, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவோம். யாருக்கு, அசல் எவ்வளவு, நூற்றுக்கு மாதம் என்ன வட்டி, ஈடு என்ன, இதுவரை கட்டியது எவ்வளவு. வீட்டாரிடம் அந்தத் தாளைக் காட்டுவோம். அவர்களுக்கு மறைத்த கடன்தான் வேகமாக வளர்கிறது.

இரண்டாவது, தினம் கடை கட்டியதும் கொள்முதல் பணத்தைத் தனியே எடுத்து வைப்போம். மிச்சத்தில்தான் கடனுக்கு. அதிலும் வட்டி மிகுந்த கடனுக்கு அதிகம். மற்றவற்றுக்குக் குறைந்த தவணை. ஒரு தண்டலைக் கட்ட இன்னொரு தண்டல் எடுப்பதை அன்றே நிறுத்த வேண்டும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துத் தண்டலை முடிப்பது வட்டியைப் பெரிதும் குறைக்கும்.

மூன்றாவது, மொத்தக் கடைக்காரரைக் கண்டு ஒளியக் கூடாது. நேரில் போய், "பழைய பாக்கியைத் தனியே நிறுத்துங்கள், வாரம் இவ்வளவு தருகிறேன், புதுச் சரக்குக்கு ரொக்கம்" என்று பேச வேண்டும். மொத்த வியாபாரிகளான நாமும் அதற்கு இடம் கொடுப்போம். கடை மூடிவிட்டால் பாக்கி வராது, வாடிக்கையும் போகும்.

நான்காவது, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கையெழுத்து வாங்குவோம். தொகை எழுதாத செக்கும் புரோநோட்டும் தரக் கூடாது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல் வந்தால் சங்கத்திடம் சொல்லி, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம்.

2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே மாண்டதை நாம் மறக்கவில்லை. உயிரைக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. நம் தெருவில் ஒரு கடையின் அலமாரி காலியாகி வந்தால், உள்ளே போய் விசாரிப்போம்.