மூன்று விளை, மூன்று கணக்கு

கேள்வி: உடன்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அடுத்தடுத்து மூன்று பனைவிளைகள் இருக்கின்றன. உடைமைக்காரர்கள் மூவரும் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார்கள். மூன்று வீட்டிலும் மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். முதல் வீட்டில் நால்வருக்கும் சமமாகப் பங்கு வைத்தார்கள். இரண்டாவது வீட்டில் தாயாருக்குக் கூடுதலாகப் போயிற்று. மூன்றாவது வீட்டில் மகளுக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு ஒவ்வொரு மகனுக்கும். ‘பங்கு வைத்த பெரியவர்கள் முகம் பார்த்துச் செய்துவிட்டார்கள்’ என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே மண், ஒரே மரம், ஒரே மாதிரிக் குடும்பம். பங்கு மட்டும் எப்படி மூன்று விதமாயிற்று?
— வாசகி, உடன்குடி

பதில்: சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை மூன்று பனைவிளைக்குள் அடக்கிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தகவலை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நானே ஊகிக்கிறேன்: முதல் குடும்பம் இந்து, இரண்டாவது கிறிஸ்தவர், மூன்றாவது முஸ்லிம். சரிதானே? உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்தப் பெரியவர்கள் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுவோம். பங்கு இன்னாருக்கு இவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஊர்ப் பெரியவருக்கும் இல்லை, மூத்த மகனுக்கும் இல்லை. உடைமைக்காரர் கண்மூடிய அந்த நிமிடமே, யாரும் கூடிப் பேசுவதற்கு முன்பே, சொத்து சட்டப்படி வாரிசுகள் பெயருக்குப் போய்விடுகிறது. பிறகு நடக்கும் பாகப்பிரிவினை, ஏற்கெனவே விழுந்துவிட்ட பங்குக்கு வரப்பு போடுகிற வேலைதான். வாரிசுகள் எல்லாரும் வயதுவந்தவர்களாக இருந்து, மனமொப்பிக் கூடக்குறைய எடுத்துக்கொண்டால் அது செல்லும். அதற்குக் ‘குடும்ப ஏற்பாடு’ என்று பெயர். ஒருவர் மறுத்தாலும் சட்டக் கணக்குக்குத்தான் திரும்பவேண்டும்.

அடுத்தது, எந்தச் சட்டம் என்பது. நிலம் எந்த ஊரில் கிடக்கிறது என்பது இங்கே கணக்கில் வராது. இறந்தவர் எந்த மதத்தவரோ, அந்த மதத்தாருக்கான வாரிசுரிமைச் சட்டம்தான் பேசும். ஆகவே வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு சட்டம், அந்தப்பக்கம் வேறொன்று.

கணக்காகப் பார்த்தால் விளங்கிவிடும். ஒவ்வொரு விளையிலும் ஒரே தரத்தில் 360 பனை நிற்பதாகவும், எல்லாம் தகப்பனார் சுயமாகச் சம்பாதித்தது என்றும், அவருடைய தாயும் தந்தையும் முன்பே காலமாகிவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் விளைக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோர் ‘முதல் வகுப்பு வாரிசுகள்’, அதாவது முதல் வரிசையில் சேர்ந்து நின்று சமமாக எடுப்பவர்கள். இங்கே நால்வர், தலைக்கு 90 பனை.

இரண்டாவது விளைக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, 120 பனை. மீதி 240 பிள்ளைகளுக்குச் சமமாக, ஆளுக்கு 80. மகன், மகள் என்ற பேதம் இதில் இல்லை.

மூன்றாவது விளைக்கு ஷரீஅத். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 45 பனை. மீதி 315ஐ ஐந்து கூறாக்கி, மகன்களுக்கு இரண்டிரண்டு கூறு, மகளுக்கு ஒரு கூறு. மகன்களுக்கு 126 வீதம், மகளுக்கு 63.

மூன்று கணக்கும் ஒவ்வொரு வழியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்தவை. கிறிஸ்தவத் தாயாருக்குக் கிடைத்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள். 1670இல் இங்கிலாந்து போட்ட ஒரு சட்டம், கணவனின் அசையும் சொத்தில் விதவைக்கு மூன்றில் ஒன்று என்றது. ஆங்கிலேயர் அந்த அளவையே 1865இல் இந்தியாவுக்கான வாரிசுரிமைச் சட்டத்தில் எழுதினார்கள். 1925இல் தொகுத்த சட்டத்திலும் அது அப்படியே நின்றது. இதே இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களும் இந்த மூன்றில் ஒன்றைக் கூடவே கொண்டுபோனார்கள். ஆனால் அங்கே நிலத்தைப் பொறுத்தவரை விதவைக்குக் கிடைத்தது ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமைதான், விற்க முடியாது. பிள்ளைகளுக்குள்ளும் சமம் கிடையாது. மாசசூசெட்சில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. வர்ஜீனியாவில் உயில் இல்லாவிட்டால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே. சுதந்திரம் அடைந்த பிறகு 1785இல்தான் அதை நீக்கிச் சட்டம் செய்தார்கள். உடன்குடித் தாயாரின் 120 பனையோ முழு உடைமை. விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதியும் வைக்கலாம்.

மூன்றாவது விளையிலும் ஒரு திருப்பம் உண்டு. 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தபோது விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தார்கள். சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அந்த விலக்கை எடுத்தது. பனைவிளைக்கும் ஷரீஅத் கணக்கே செல்லுவதற்கு இந்தத் திருத்தம்தான் காரணம். மகளுக்குக் குறைகிறதே என்று நினைக்கும் தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே ‘ஹிபா’ கொடுக்கலாம். ஹிபா என்றால், சொத்தை அப்போதே கையில் ஒப்படைத்துச் செய்யும் தானம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி, முதல் வீட்டுக் கதைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிக்கல். அந்த விளை சுயசம்பாத்தியம் என்று வைத்துத்தான் தலைக்கு 90 என்றேன். அதுவே ‘பூர்வீகம்’ என்றால், அதாவது பிறப்பிலேயே பிள்ளைகளுக்கு உரிமையுள்ள கூட்டுக் குடும்பச் சொத்து என்றால், கணக்கு தலைகீழாகும். தகப்பனும் மூன்று பிள்ளைகளும் முதலில் ஆளுக்கு 90. இந்தச் சுற்றில் மனைவிக்குப் பங்கு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லை. தகப்பனின் 90 மட்டும் பிறகு மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக நான்காகும். தாயாருக்கு மிஞ்சுவது இருபத்திரண்டரைப் பனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நூற்றுப்பன்னிரண்டரை. அரைப்பனையில் யார் ஏறுவது என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

‘தாத்தா சொத்து, அதனால் பூர்வீகம்’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். தாத்தா தம் சுயசம்பாத்தியத்தை விட்டுவிட்டு 1956க்குப் பிறகு இறந்து, அது வாரிசாக அப்பாவுக்கு வந்திருந்தால், அப்பா கையில் அது தனிச்சொத்து. 1986இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

‘நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, பெண்ணுக்கு ஏது பங்கு’ என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். மூன்று சட்டத்திலும் இதற்கு இடமில்லை. சீர் வேறு, வாரிசுரிமை வேறு. இந்தப் பேச்சு ஊரில் இன்னும் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாடு 1989இல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தபோது, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை ஒதுக்கி வைத்தது. அந்தப் பாதி நினைவுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அன்றைக்குத் தகப்பனார் உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முறையாக முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் இப்போது கிளற முடியாது.

ஒரே குடும்பத்தில் கோயிலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் இருப்பது உங்கள் பக்கத்தில் புதிதல்ல. தகப்பன் இந்து, ஒரு மகன் கிறிஸ்தவராகிவிட்டார் என்றால் அவர் பங்கு போய்விடாது. 1850ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அதைக் காக்கிறது. ஆனால் மதம் மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகள், இந்து உறவினர் ஒருவருக்கு நேரடி வாரிசாக வர முடியாது. அந்த உறவினர் இறக்கும் நேரத்தில் அவர்களும் இந்துவாக இருந்தால் மட்டும் விலக்கு.

இப்போது பெரியவர்களுக்கு உண்மையில் என்ன வேலை என்று பார்ப்போம். எத்தனை பங்கு என்பதைச் சட்டம் சொல்லிவிடும்; எந்தப் பங்கு என்பதைச் சொல்லாது. 90 பனை என்றால் எந்த 90? ஒரு மூலையில் பதநீர் சுரக்கும் நல்ல பருவத்து மரங்கள், இன்னொரு மூலையில் பாளை விட இன்னும் பல ஆண்டு ஆகும் வடலி. கிணறு ஒரு பக்கம், வண்டிப்பாதை ஒரு பக்கம், கருப்பட்டி காய்ச்சும் விடிலி வேறொரு பக்கம், தேரி மணல் ஏறிய தரை இன்னொரு பக்கம். சென்ட் கணக்கில் அளந்து நான்காக்கினால் காகிதத்தில் சமம், விளையில் சமமில்லை. பெரியவர்களின் அனுபவம் உதவும் இடம் இதுதான். காய்ப்பையும் பாதையையும் சேர்த்து மதிப்பிட்டுப் பங்குகளை முதலில் ஒக்கவைப்பார்கள். பிறகு சீட்டுக் குலுக்கலாம். அல்லது ஒருவர் பிரிக்க, மற்றவர் முதலில் எடுக்கலாம். தான் பிரித்ததில் எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவர் கோணலாகப் பிரிக்கமாட்டார். கிணற்றையும் பாதையையும் பொதுவில் வைப்பது நல்லது. மரத்தைத் தனியாக எழுதாவிட்டால் அது மண்ணோடு சேர்ந்தே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘பட்டா என் பெயரில், முப்பது வருஷமாக நான்தான் பார்க்கிறேன்’ என்பார் ஒருவர். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது தனியாக உடைமையைத் தந்துவிடாது. ஒரு பங்காளி அனுபவித்து வருவது எல்லாப் பங்காளிகளுக்காகவும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும். மற்றவர்களை அவர்கள் அறிய வெளியேற்றி, உரிமையை மறுத்து, 12 ஆண்டு கழிந்தாலொழிய அவர்கள் பங்கு அழியாது. அதுவரை பதநீர்க் குத்தகைப் பணத்துக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டும்.

பேச்சு ஒத்துவராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குதான். நீதிமன்றம் முதலில் யாருக்கு எத்தனை என்று ‘முதல்நிலைத் தீர்ப்பாணை’ தரும். அப்புறம் ஆணையர் ஒருவர் விளைக்கு வந்து அளந்து எல்லை காட்டி, ‘இறுதித் தீர்ப்பாணை’ ஆகும். பிரிக்கவே முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பகிர 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே எத்தனை பதநீர்க் காலம் ஓடும் என்பதை வழக்கு நடத்திய யாரையாவது கேளுங்கள். பங்கு வைத்த பெரியவர்கள் மேல் உங்களுக்கு மதிப்புக் கூடும்.

ஆகவே என் ஊகம் சரியாக இருந்து, முதல் விளையும் சுயசம்பாத்தியமாக இருந்தால், உங்கள் ஊரார் சொன்னது தவறு: மூன்று வீட்டிலும் முகம் பார்க்கவில்லை, சட்டப்படியே கொடுத்திருக்கிறார்கள். நாளை உங்கள் வீட்டிலும் இப்படி உட்கார நேர்ந்தால் வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் நான்கையும் முதலில் எடுத்து வையுங்கள். பேசி முடித்ததைப் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவுப் பட்டாவுக்கும் மனுக் கொடுத்துவிடுங்கள். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று யாராவது தாளை நீட்டினால் அதன் தலைப்பைப் படியுங்கள். ‘விடுதலைப் பத்திரம்’ என்றிருந்தால், உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பொருள். இந்துவும் கிறிஸ்தவரும் தம் தனிச்சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். முஸ்லிம் மூன்றில் ஒரு பங்குவரை எழுதலாம். அதுவும் வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உங்கள் கேள்வியில் வந்த தகப்பனார்கள் மூவரும் ஒரு தாளும் இரண்டு சாட்சியும் இருந்திருந்தால் தங்கள் விருப்பத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனதால் சட்டம் அவர்களுக்காகப் பேசியிருக்கிறது.