ஆஸ்துமாவும் 16 மடங்கும்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் ஹேகன்-பாய்ஸே சமன்பாட்டை எழுதி மார்க் வாங்காதவங்க நம்மில் குறைவு. குழாயின் ஆரம் பாதியானால் தடை 2 மடங்கு இல்லை, 16 மடங்கு. ஆரம் வெறும் 20 சதவீதம் குறைந்தாலே தடை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. மூச்சுக்குழாயில் காற்று புத்தகத்தில் வர்ற மாதிரி ஒழுங்காக ஓடாதுதான். ஆனாலும் ஆஸ்துமாவைப் புரிஞ்சுக்க இந்தக் கணக்கு நல்லாவே உதவும்.

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் உள்சுவர் சாதாரண நாளிலும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். பரம்பரைக்கும் அலர்ஜிக்கும் இதில் பங்கு உண்டு. ஏதாவது ஒன்று அதைத் தூண்டிவிட்டால் சுற்றியுள்ள தசை இறுகும், வீக்கம் கூடும், சளியும் சேரும். மூன்றும் குறைப்பது அந்த ஆரத்தைத்தான். மூச்சை வெளியே விடும்போது குழாய் இன்னும் சுருங்கும். அதனால்தான் விசில் சத்தம் பெரும்பாலும் அப்போது கேட்குது. சிலருக்கு அந்தச் சத்தமே இருக்காது, ராத்திரியும் விடியற்காலையும் வரும் இருமல் மட்டும்தான்.

தூண்டும் விஷயங்களைத் தேடி வெளியே போக வேண்டாம், ஹாஸ்டல் ரூமே போதும். துவைக்காத தலையணை உறை, கொசுவத்திப் புகை, பக்கத்து பெட்காரன் பாடி ஸ்ப்ரே! அப்புறம் சளிக்காய்ச்சல், சிகரெட், போகிப் புகை. ஆளுக்கு ஆள் மாறும்.

முக்கியமான விஷயம் இன்ஹேலர். பலர் பாக்கெட்டில் இருக்கும் நீல இன்ஹேலரில் சால்புடமால் இருக்கு. அது தசையைத் தளர்த்தும், சில நிமிஷத்தில் மூச்சு வரும். ஆனால் வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பலர் நிறுத்துவது இதைத்தான். "ஸ்டீராய்டு, பழகிடும்" என்று வீட்டிலும் பயமுறுத்துவாங்க. பழகாது. மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிற மருந்து அது. இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும், அவ்வளவுதான். பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பக்கூடாது என்று ஜினா என்ற உலக அமைப்பு 2019-இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது.

ரூம்மேட்டுக்கு வீசிங் வந்தால் படுக்க வைக்காதீங்க. நிமிர்ந்து உட்கார வைத்து, அவரோட நீல இன்ஹேலரைக் கொடுங்க. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, உதடு நீலமாகுது என்றால் உடனே 108. ஆள் திணறிக்கொண்டே இருக்கும்போது விசில் சத்தம் மட்டும் நின்றால் சரியாயிடுச்சு என்று நினைக்காதீங்க. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று ஓடல.